பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: ஏறுவது எது, மாறுவது எது

சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் பகுதியை மாற்றி வண்டியை உயர்த்தும் கிட், போட்டால் பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. இதைச் சொன்னால் கிட் போட்டு முடித்தவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். பின் ஆக்ஸில் என்பது இரண்டு சக்கரங்களையும் நேராக இணைக்கும் ஒரே இரும்புக் குழாய், அதன் நடுவில் கிரவுன் வீலும் பினியனும் அடங்கிய உருண்டை. அந்தக் குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை டயரின் அளவு மட்டுமே தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கூடும். சேஸிஸ், பாடி, டீசல் டேங்க், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பம்பர் எல்லாம் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் லிஃப்ட் வீண் செலவா? இல்லை. பிக்கப் முதலில் தட்டுவது பெரும்பாலும் மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும்தான். நீளமான வண்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி, ஒரு வரப்பையோ மேட்டையோ ஏறித் தாண்டும்போது நடு வயிறு உட்கார்ந்துவிடும். பள்ளத்திலிருந்து ஏறும்போது முன் பம்பரின் கீழ் உதடு தேயும், இறங்கி முடிக்கும்போது பின்னால் டோ ஹுக் தரையைக் கீறும். இந்த மூன்று இடத்துக் கோணங்களையும் லிஃப்ட் உண்மையாகவே மேம்படுத்துகிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி எத்தனை அங்குலம் என்பது அல்ல, என் வண்டி எங்கே தட்டுகிறது என்பது. அடியில் படுத்துப் பார்த்தால் கீறல்களே பதில் சொல்லும்.

இதை ஒரு வண்டியை வைத்துப் பேசினால் எளிது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016 இல் இந்தியாவுக்கு வந்தது, சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது, வால்பாறை, நீலகிரி, கொடைக்கானல் எஸ்டேட் பாதைகளில் போக ஆசைப்படுகிறவர்கள் பலரும் விலை விசாரிக்கும் வண்டி. முன்னால் டபுள் விஷ்போனும் (ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் கட்டை ஆக்ஸிலும். ஹைலக்ஸும் இதே அமைப்புதான், இன்று ஓடும் நடுத்தர பிக்கப்புகளில் பலவும் இதே அமைப்புதான், அதனால் இங்கே சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். வி-கிராஸின் வீல்பேஸ் 3095 மி.மீ. வயிற்றுக்கு அடியில் 225 மி.மீ. இருக்கிறது என்று வைத்து, அதில் 50 மி.மீ. கூட்டினால், நடு வயிற்றுக் கோணம் தோராயமாக மூன்றரை டிகிரி கூடுகிறது. காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் மேட்டில் உட்கார்ந்துவிடுவதற்கும் உரசாமல் தாண்டுவதற்கும் நடுவில் இருப்பது பல சமயம் அந்த மூன்றரை டிகிரிதான்.

அதே சமயம், செலவே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது, கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பக்கவாட்டில் தொங்கும் குரோம் ஃபுட்போர்டைக் கழற்றிவிடுங்கள். வயிறு தட்டுகிறது என்று புலம்புபவர்களில் நிறையப் பேருக்குத் தட்டுவது சேஸிஸ் இல்லை, அந்த ஃபுட்போர்டுதான். வீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள் என்பது நியாயமான மறுப்பு, அதற்கு சேஸிஸோடு ஒட்டி மேலே நிற்கும் ராக் ஸ்லைடர் என்ற பக்கவாட்டு இரும்புக் கம்பி பார்க்கலாம்.

டிஃபரன்ஷியல்தான் தட்டுகிறது என்றால் மருந்து டயர். கணக்கு நேரானது. வி-கிராஸில் வரும் 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. அதை 265/65 ஆர்18 ஆக மாற்றினால் விட்டம் 802 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். விட்டத்தில் கூடுவது சுமார் 38 மி.மீ., ஆனால் ஆக்ஸிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, சுமார் 19 மி.மீ. இதற்கு விலை உண்டு. ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும், ஓடோமீட்டரும் அப்படியே, கியர் விகிதமும் அதே அளவு நீண்டுபோவதால் மலையேற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் போன இடத்துக்கு இப்போது இரண்டாவது தேவைப்படலாம். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், அது பின்னால் அடியில் தொங்கும் கூட்டில் உட்காருகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் மட் ஃபிளாப்பிலும் உள் லைனரிலும் உரசும், லிஃப்ட் கொஞ்சம் போட்டால் அந்த உரசல் குறையும். பெரும்பாலானவர்கள் லிஃப்ட் போடுவதற்கு உண்மைக் காரணமே இதுதான், பெரிய டயருக்கு இடம் பண்ண.

சரி, எவ்வளவு உயரம்? என் பதில் 40 முதல் 50 மி.மீ., அதாவது அதிகபட்சம் இரண்டு அங்குலம். இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, முன்பக்க அமைப்பு போடும் கணக்கு. முன் சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள், அதாவது கன்ட்ரோல் ஆர்ம்கள், பிடித்திருக்கின்றன. சக்கரம் மேலே போய்க் கீழே இறங்குவதற்கு ஒரு மொத்த தூரம் உண்டு, அதில் ஒரு பகுதி அமுங்குவதற்கு, மீதி தொங்குவதற்கு. லிஃப்ட் அந்த மொத்த தூரத்தைக் கூட்டுவதில்லை, நடுப்புள்ளியை நகர்த்துகிறது, அவ்வளவுதான். வண்டி நிற்கும்போதே சக்கரம் பாதி தொங்கிவிட்டதுபோல இருக்கும். ஒரு குழியில் சக்கரம் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க இடமில்லாமல் கையையும் சக்கரத்தையும் இணைக்கும் மேல் பால் ஜாயின்ட்டோ, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கோ தன் எல்லையில் போய் டக்கென்று முட்டும். கிட் போட்ட வண்டிகள் வேகத்தடை தாண்டி இறங்கும்போது முன்னால் ஒரு உலோகச் சத்தம் கேட்குமே, அது இதுதான்.

அது மட்டும் இல்லை. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் இரண்டு சி.வி. ஜாயின்ட்டுகளின், அதாவது கோணத்தில் வளைந்தபடியே சுழலவிடும் மூட்டுகளின், மேல் சுழல்கின்றன. முன் டிஃபரன்ஷியல் சேஸிஸில் பிடித்திருப்பதால் லிஃப்டோடு அது மேலே போகும், சக்கரம் தரையிலேயே இருக்கும், ஆக ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி முதலில் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும், அப்புறம் ஜாயின்ட்டே போகும். இரண்டு அங்குலம் வரை ஜாயின்ட் சமாளிக்கும். அதற்கு மேல் போகிறவர்கள் முன் டிஃபரன்ஷியலைச் சில துண்டுகள் வைத்துக் கீழே இறக்குகிறார்கள். அமெரிக்காவில் எஃப்-150 போன்ற பெரிய வண்டிகளுக்கு விற்கும் ஆறு அங்குல கிட்டுகளில் கிராஸ் மெம்பரையே வெட்டி, கன்ட்ரோல் ஆர்ம் பிடிக்கும் இடத்தையே கீழே இறக்கும் பிராக்கெட்டுகள் வருவது இதற்காகத்தான். அது ஏறக்குறைய வேறொரு வண்டியையே உருவாக்கும் வேலை, அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

வீல் அலைன்மென்ட்டும் மாறிப்போகும். கன்ட்ரோல் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரியும்போது கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மாறுகிறது; காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், குறைகிறது. காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் குணம் மங்கும், நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது வண்டி அலைபாய்கிற மாதிரி இருக்கும், ஓட்டுபவர் அதை டயரின் மேல் பழி போடுவார். கம்பெனி கொடுத்திருக்கும் கேம் போல்ட்டுகளைத் திருகிச் சரிசெய்ய ஓர் அளவு வரை முடியும். சரிக்கு வராவிட்டால் மேல் கன்ட்ரோல் ஆர்மையே மாற்ற வேண்டும், காஸ்டரைத் திருப்பிக் கொடுக்கும்படியும் பால் ஜாயின்ட் இன்னும் கீழே இறங்கும்படியும் வடிவமைத்தவை கிடைக்கின்றன. விலை கசக்கும். ஆனால் 50 மி.மீ. போட்டுப் பெரிய டயரும் போடுகிறவர் இந்தச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போட்டுக்கொள்வது நல்லது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வரவே வராது.

இனி ஸ்பேசர் விஷயம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது ஸ்டிரட்டின், அதாவது முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கூட்டின், தலையில் வைக்கும் அலுமினிய அல்லது பாலியூரிதேன் வட்டு. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நுனியில் உட்காருவதில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருகிறது, அதனால் தலையில் 25 மி.மீ. வட்டு வைத்தால் சக்கரத்தில் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். இது தெரியாமல் இரண்டு அங்குலம் வேண்டுமென்று இரண்டு அங்குல வட்டையே வாங்கி வைத்துவிட்டு பால் ஜாயின்ட் பிய்ந்து நிற்பவர்கள் உண்டு. மெல்லிய வட்டு, கம்பெனி ஸ்பிரிங், தார் ரோடு, எப்போதாவது மண் பாதை என்றால் ஸ்பேசர் மோசமில்லை. வண்டியின் நடத்தை அதிகம் மாறாது, ஏனென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே. ஆனால் அதைத்தான் குறையாகவும் சொல்ல வேண்டும், பழைய ஷாக்கின் பழைய பலவீனம் எதுவும் இதனால் தீராது. ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்டிரட்டுக்குள் வைத்து அதை இறுக்கும் வட்டு இன்னும் மோசம், ஸ்பிரிங் எப்போதும் அதிக அழுத்தத்தில் நின்று மேல் எல்லையில் முட்டிக்கொண்டே இருக்கும்.

பாடி லிஃப்ட் என்று ஒன்றும் உண்டு, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சேஸிஸ் ஏறாது, வயிறு ஏறாது. என் கருத்தில் ஒதுக்கித் தள்ள வேண்டியது.

ஆகவே முறையான வழி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழு கிட். இங்கே நம்மூர்க்காரர்கள் தொடர்ந்து சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கிட்டுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் வடிவமைக்கப்பட்டவை. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், ப்ரோஃபெண்டர் என்று பெயர்கள் போகும். ஆஸ்திரேலியக்காரர் வாங்கும் பிக்கப்பின் மூக்கில் மோதலைத் தாங்கும் இரும்பு புல் பாரும் அதற்குள் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் இருக்கும், அதற்கு ஏற்ற எடையில் ஸ்பிரிங் சுற்றப்பட்டிருக்கும். இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே புல் பாருக்கும் கிராஷ் கார்டுக்கும் தடை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆக நம் வண்டியின் மூக்கு காலி. புல் பார் எடைக்கான ஸ்பிரிங்கை அப்படியே போட்டால் 40 மி.மீ. ஏறுவதாக எழுதியிருக்கும் கிட் 60, 65 என்று ஏறி நிற்கும், சவாரி பாறைபோல் இருக்கும், மேலே சொன்ன அத்தனை கோணத் தொந்தரவும் கூடவே வரும். வாங்கும்போது முன் ஸ்பிரிங்கின் எடை வகையைக் கேளுங்கள், புல் பார் இல்லாத வண்டிக்கானது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விற்பவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்றால் வேறு கடை.

பின்னாலும் அதே நியாயம். எப்போதும் வண்டியில் இருக்கும் எடை எவ்வளவு? கேனப்பி, மேல் கூடாரம், டிராயர், தண்ணீர் டேங்க் எல்லாம் வருடம் முழுக்க இருக்கிறதா, அல்லது வருடத்துக்கு ஒரு லடாக் பயணத்துக்கு மட்டும் ஏறுகிறதா? நிரந்தரமாக 300 கிலோ என்று ஸ்பிரிங்கை வாங்கிவிட்டு வெறும் தொட்டியோடு ஆபீஸ் போய் வந்தால், பின்பக்கம் வேகத்தடையில் குதிக்கும், ஈரச் சாலை வளைவில் பின் டயர் பிடி விடும். சாதாரண நாளின் எடைக்கு ஸ்பிரிங் வாங்க வேண்டும். இன்னொன்று, தடித்த ஸ்பிரிங் போட்டதால் வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. ஆக்ஸில், பிரேக், சேஸிஸ், டயர் எல்லாம் பழையவைதானே.

பணத்தை எங்கே கொட்டுவது என்று கேட்டால், ஷாக்கில். உயரம் கொடுப்பது ஸ்பிரிங், வண்டி உங்கள் பேச்சைக் கேட்க வைப்பது ஷாக். கரடுமுரடான பாதையில் ஷாக் வேகமாக வேலை செய்யும்போது உள்ளே எண்ணெய் சூடாகி நுரைக்கும், நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு குறையும், அரை மணி நேரம் கழித்து வண்டி படகு மாதிரி ஆடும். இதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம், நைட்ரஜன் நிரப்பிய நுரைப்பஞ்சு வகை, ஒற்றைக் குழாய் வகை, தனியாகப் பக்கத்தில் ஒரு குப்பி வைத்த வகை என்று இத்தனை இருக்கின்றன. வாரம் ஒருமுறை எஸ்டேட் பாதையில் இருபது கிலோமீட்டர் போகிறவருக்குக் குப்பி வைத்தது தேவையில்லை, நல்ல தடிமனான இரட்டைக் குழாய் ஷாக் போதும். கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கிட்டில் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வந்தவையா என்பது. கனமான ஸ்பிரிங்கோடு கம்பெனி ஷாக் இருந்தால் அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது.

பின் பட்டைக்கு வருவோம். இது லாரிப் பட்டறைகளுக்குக் காலம் காலமாகத் தெரிந்த வேலை என்பதால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒன்று, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது. மலிவு, சவாரி மாறாது, ஆனால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு நெம்புகோல் உண்டாகிவிடும், பலமாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஆக்ஸில் சுருண்டு பட்டை எஸ் வடிவில் வளையும். சின்னக் கட்டை, கம்பெனியே வைத்தது என்றால் பரவாயில்லை. கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவது கூடவே கூடாது. இரண்டு, பட்டையின் பின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது. நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் கோணமும் கெடும். மூன்று, கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது. உயரமும் பலமும் சேர்ந்து வரும், சவாரி இறுகும், எப்போதும் சரக்கு ஏற்றும் வண்டிக்குச் சரியான வழி. நான்கு, பட்டைகளின் முழுத் தொகுப்பையே புதிதாக மாற்றுவது. காசு இருந்தால் இதுதான்.

எதைச் செய்தாலும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கப்பட்ட யூ போல்ட் நீண்டிருக்கும், மரை தேய்ந்திருக்கும், அதே போல்ட்டை மறுபடி இறுக்கினால் அது பிடித்திருப்பதுபோல் நடிக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பின்னால் இன்னும் இரண்டு விஷயங்கள் எளிதில் கண்ணில் படாதவை. முதலாவது, எஞ்சின் பக்கத்திலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். நீளமான பிக்கப்புகளில் அது இரண்டு துண்டாக வரும், நடுவில் சேஸிஸில் தொங்கும் ஒரு பேரிங். பின்பக்கம் உயர்ந்ததும் துண்டுகளுக்கு நடுவிலுள்ள கோணம் மாறி, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது வண்டித் தளத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் தோன்றும். நடு பேரிங்கைச் சில மில்லிமீட்டர் கீழே இறக்கும் துண்டு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது இதைவிட முக்கியம். சில பிக்கப்புகளில், குறிப்பாகச் சரக்குக்கு விற்கும் மாடல்களில், பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். சரக்கு ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாக நிமிர்ந்தால் குறைக்கும். லிஃப்ட் போட்ட வண்டி அந்த வால்வின் கணக்கில் எப்போதும் காலி வண்டி. முழுச் சரக்கோடு பிரேக் அடித்தாலும் பின்பக்கம் அரைகுறையாகத்தான் பிடிக்கும். கம்பியை நீட்டும் சின்ன பிராக்கெட் போட்டால் தீர்ந்துவிடும், ஆனால் அப்படி ஒரு வால்வு இருக்கிறதா என்று பார்க்கவே பல பட்டறைகள் மறந்துவிடுகின்றன.

முன்னால் மட்டும் ஏற்றி வண்டியை நேராக்குகிறேன் என்று கிளம்பும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பது தவறு இல்லை, சரக்கு ஏறினால் நேராக வேண்டும் என்பதற்காகவே அப்படி. அதைச் சமமாக்கிவிட்டு, அப்புறம் ஆறு மூட்டை சிமென்ட் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட்டும் கூடவே. முன்பக்கம் மட்டும் 50 மி.மீ. ஏறினால் இந்த வீல்பேஸில் 50 மீட்டருக்கு அப்பால் ஒளிக்கற்றை சுமார் 80 செ.மீ. மேலே போகிறது, எதிரில் வருபவரின் கண் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் இதே விஷயம் ஒரு மோகமாகி, முன்பக்கம் வானளாவ, பின்பக்கம் தரையோடு என்று ஓட்டத் தொடங்கி, கடைசியில் வட கரோலைனா மாநிலம் 2021 இல் முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் குற்றம் என்று சட்டமே போட்டது. லிஃப்ட் முன்னும் பின்னும் அளவோடு ஏற வேண்டும், வேலை முடிந்த அன்றே ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும்.

கவிழும் அபாயம் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கு எளிய அளவுகோல், இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுப்பது. வி-கிராஸில் இந்தச் சக்கர அகலம் 1570 மி.மீ., ஈர்ப்பு மையம் கணக்குக்காக 700 மி.மீ. என்று வைத்தால் 1.12 வருகிறது. மையம் 45 மி.மீ. ஏறினால் 1.05. ஆறு சதவீதம் போய்விட்டது, பெரிய டயரையும் மேல் கூடாரத்தையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. லிஃப்ட் எதுவும் இல்லாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த ஹைலக்ஸ், 2016 இல் ஸ்வீடன் நாட்டு டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ் நடத்திய திடீர் விலகல் சோதனையில் இரண்டு சக்கரத்தில் எழுந்து நின்றது. 2007 லும் அதே இதழின் அதே சோதனையில் அதே பெயர் கொண்ட வண்டி தோற்றிருந்தது. உயரமான பிக்கப் என்பது ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் குறுக்கே மாடு வந்தால் நாம் செய்யப்போவதும் அந்தச் சோதனைதான்.

பொருத்துகிற வேலையை ஒழுங்கான பட்டறையில் ஒரே நாளில் முடிக்கலாம். ஆரம்பிப்பதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். டயரிலிருந்து அளக்காதீர்கள், காற்றழுத்தம் மாறினால் கணக்கு மாறும். இந்த எண்கள் இல்லாமல் எவ்வளவு ஏறியது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. டேங்க் இருக்கும் பக்கமும் ஓட்டுநர் உட்காரும் பக்கமும் எடை அதிகம் என்பதால் சில கிட்டுகளில் இடது வலது ஸ்பிரிங்குகள் வேறு வேறு உயரத்தில் வரும், மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் போட வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கினால் ஜாக்கியில் விட்டுவிடக் கூடாது, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஸ்டிரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது ஆளைக் கொல்லக்கூடிய வேலை, அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கையோ முகமோ போய்விடும். வீட்டில் நாமே செய்யலாம் என்று துணிபவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது சுவரில் பொருத்திய அழுத்தி உள்ள பட்டறைக்குப் போங்கள், அல்லது கட்டி முடித்த ஸ்டிரட்டாகவே வாங்குங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று நீங்களே கண்ணால் பார்க்க வேண்டிய கட்டம். கன்ட்ரோல் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்து ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகள், பட்டையின் கண் போல்ட், ஷாக்கிள் போல்ட், இவற்றைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. இந்த ரப்பர் புஷ்கள் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் பிழிந்த துணிபோல் நாள் முழுக்க முறுக்கிலேயே கிடந்து சில மாதத்தில் கிழியும், வண்டியும் சொன்ன உயரத்தைவிட அதிகமாக நிற்கும். எல்லா போல்ட்டையும் கையால் போட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நான்கைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு, எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும் என்பதால் தவிர்ப்பார்கள். இறுக்கியதும் அன்றே அலைன்மென்ட், காஸ்டர், கேம்பர், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மூன்றும் அச்சிட்ட காகிதத்தோடு. டோ மட்டும் பார்த்து அனுப்பும் இடம் வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், பட்டை புதிதாக உட்காரும்போது தளர்வது சகஜம். அதே சமயத்தில் மறுபடி ஹப்பிலிருந்து அளந்தால் ஸ்பிரிங் படிந்தபின் உள்ள உண்மையான உயரம் தெரியும்.

கடைசியாகச் சட்டம், பலரும் கடைசியில்கூட யோசிக்காதது. மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை இறுக்கமாகவே வாசித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ஸ்பிரிங் மாற்றுவது பதிவு விவரத்தையே தொடாது என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தைச் சாலையோரத்தில் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரிடமோ, விபத்துக்குப் பிறகு காப்பீட்டு சர்வேயரிடமோ வைத்து ஜெயிக்கலாம் என்று நம்பி இறங்குவது வேறு விஷயம். ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்களில் சஸ்பென்ஷனால் 50 மி.மீ., டயரால் 25 மி.மீ. என்ற அளவு பொதுவாகப் புழங்குகிறது, அதைத் தாண்டினால் பொறியாளர் சான்று வாங்கி ஓட்டலாம். நம்மிடம் அப்படிச் சான்று வாங்கித் தெருவில் ஓட்ட எளிய வழி இல்லை. கிட் விற்கும் கடைகளில் சில, சாலைக்கு அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொள்கின்றன. வாரன்டியும் அப்படித்தான், சி.வி. பூட் கிழிந்து சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக், பட்டை, மேல் ஆர்ம் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, எது இடது எது வலது என்று எழுதி வீட்டிலேயே வையுங்கள். வண்டியை விற்கும்போது பாதிப் பேர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.